பென்ஷன் ஆணை (பிபிஓ) திருத்தி வந்துவிட்டது: உடன் நின்றவர்களுக்கு நன்றி

என் வீட்டுக்காரருக்கு டிசபிலிட்டி பென்ஷன் (ராணுவ சேவையால் வந்த உடல் குறைபாட்டுக்கான பென்ஷன்) கிடைத்துவிட்டது. திருத்திய பிபிஓ போன மாதம் ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் ஏறியது. நன்றி சொன்னால் பாதிப் பேர் "நான் என்ன செஞ்சேன்" என்று நழுவிவிடுவார்கள். அதனால் யார் என்ன செய்தார்கள் என்று எழுதியே வைக்கிறேன்.

அவர் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் ரத்த அழுத்தத்துக்கு 30 சதவீத உடல் குறைபாடு, ஆயுள் முழுக்க என்று போட்டார்கள். கூடவே, இது சேவையால் வந்ததுமில்லை, சேவையால் கூடியதுமில்லை என்று ஒரு வரி. அந்த வரி இருந்தால் 30 என்ன, 80 போட்டாலும் பைசா கிடையாது. முதல் மேல்முறையீடும் அதையே திருப்பிச் சொல்லித் தள்ளுபடி ஆனது. "கை கால் போனவனுக்குக் குடுக்கிறத நான் ஏன் கேக்கணும்" என்று இவர் ஃபைலைப் பரணில் போட்டுவிட்டார்.

அதைக் கீழே இறக்க வைத்தவர் பண்ருட்டி சுபேதார் ஐயா. நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு தாளில் இடது பக்கம் போஸ்டிங், வலது பக்கம் அப்போதைய மெடிக்கல் கேட்டகரி. சேரும்போது ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி. காஷ்மீர் மலையில் குப்வாரா, அப்புறம் லடாக்கில் லே, அதுவரைக்கும் ஷேப்-1தான். இறங்கி பீஸ் ஸ்டேஷனுக்கு (எல்லைப் பதற்றமில்லாத ஊர்) வந்த கொஞ்ச நாளில் பிபி. பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்ததால் சேவைக்குச் சம்பந்தமில்லையாம்! அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்துவிட்டு, "மலையில வந்தது மலையிலயே தெரியணும்னு சட்டமாம்மா?" என்றார். டீ ஆறிப்போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

போர்டு பேப்பர் முழுசாக எங்களிடம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தம்பி. மஞ்சக்குப்பத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து மேடம், இரண்டாவது மேல்முறையீட்டில் என்னென்ன இணைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பதிலே வரவில்லை. ஆறு மாதம் கழிந்ததும் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம்.

வக்கீல் சார் அதிகம் பேச மாட்டார். சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்தது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்ற உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு தரம்வீர் சிங் தீர்ப்பை முன்னால் வைத்தார். சுபேதார் ஐயாவின் தாளைப் பார்த்துவிட்டு, "இதுதான் சார் கேஸே" என்றார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. 50க்குக் கீழே இருக்கும் சதவீதத்தை 50 ஆகக் கணக்கிடலாம் என்ற 2014 ராம் அவதார் தீர்ப்பின்படி 30 சதவீதம் 50 ஆக உயர்ந்தது. 100 சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. எங்களுக்கு 50 என்பதால் அதில் பாதி, 15 சதவீதம்.

ஸ்பர்ஷில் ஏற்ற ஸ்கேன் எடுத்துக் கொடுத்த இ-சேவை மையத்துப் பெண்ணுக்கும், சென்னைக்குப் போன நாட்களில் மாமியாரைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

சுபேதார் ஐயா, ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்கு வருகிறோம். இந்தத் தடவையாவது பஸ் காசை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்