பூட்டிய அலுமாரிகளில் மலையக ஆய்வேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டச் சம்பளம், தொழிலாளர் வசிக்கும் லயன் அறைகளின் சுகாதாரம், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் என்று இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட முதுமாணி, கலாநிதிப் பட்ட ஆய்வேடுகள் ஏராளம். வினாக்கொத்துக்குப் பதில் சொன்னவர்கள் நம் தோட்டத்து மக்கள். ஆனால் பண்டாரவளையில் இருக்கும் ஓர் ஆசிரியை அவற்றில் ஒன்றைப் படிக்க விரும்பினால், பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகம் வரை போய், அனுமதி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997இலேயே ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. இந்தியாவின் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் இன்று இலட்சக்கணக்கான ஆய்வேடுகள் இருக்கின்றன. நம் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும், இத்தகைய களஞ்சியத்தை நடத்த உதவும் டிஸ்பேஸ் என்ற இலவச மென்பொருள் இயங்குகிறது. இருந்தும் இணையத்தில் வெளியிடக் கோப்பைக் கொடுக்கத்தான் கல்வியாளர்கள் தயங்குகிறார்கள்.

‘இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்கள்’ என்பது முதல் அச்சம். எழுத்துக் களவைப் பிடிக்கும் மென்பொருள், தனக்கு எட்டும் எழுத்தோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். அலுமாரியில் கிடப்பதை யாராவது தட்டச்சு செய்து தன் பெயரில் கொடுத்தால் அது பிடிபடவே வாய்ப்பில்லை. ‘இணையத்தில் வந்துவிட்டால் பிறகு கட்டுரையாகவோ நூலாகவோ வெளியிட முடியாது’ என்பது அடுத்த அச்சம். அப்படி எண்ணுபவர்களுக்கு, ஓராண்டோ இரண்டாண்டோ கோப்பைப் பூட்டிவைக்க டிஸ்பேஸில் வழி உண்டு. தலைப்பும் சுருக்கமும் தெரியும். குறித்த திகதியில் கோப்பு தானாகத் திறக்கும்.

தகவல் தந்தவர்களின் அந்தரங்கம் பற்றிய கவலை இவற்றைவிடப் பாரதூரமானது, நியாயமானது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவான டிவிஷனும் இருந்து, ‘பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) பொறுப்பாளர், வயது 52’ என்று எழுதியிருந்தால், அந்த டிவிஷனில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். துரையைப் பற்றியோ கங்காணியைப் பற்றியோ அவர் சொன்னது அவருடைய வேலைக்கே உலை வைக்கலாம். ஆகவே பொதுப் பிரதியில் தோட்டப் பெயருக்குப் பதில் குறியீடு இட வேண்டும்; நேர்காணல் பின்னிணைப்பைத் தனிக் கோப்பாக்கி மூடி வைக்க வேண்டும்; சம்மதப் படிவத்திலேயே ‘இவ்வாய்வு இணையத்தில் வெளியாகும்’ என்று தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளுக்கு இன்னொரு சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கினால் திரையில் தமிழாகத்தான் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ‘கொழுந்து’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது; ஆய்வேடு களஞ்சியத்தில் இருந்தும் இல்லாத மாதிரிதான். பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒற்றெழுத்துகளையும் கொ, கோ, கௌ வரிசைகளையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் குழம்பும். பிடிஎஃப்பிலிருந்து ஒரு பந்தியைப் பிரதி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். யுனிகோடிலும் கொம்பு இடம் மாறி வருவதுண்டு. ஆதலால் மூல வேர்ட் கோப்பையும் நூலகம் கேட்டு வாங்கி வைப்பது அவசியம். கைத்தொலைபேசியில், அதுவும் மலைச்சரிவில் சிக்னல் தேடிப் படிப்பவர்களுக்காக அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தும் ஏற்றலாம்.

பல்கலைக்கழகப் பேரவைகள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திருத்திய இறுதிக் கோப்பு நூலகத்துக்குக் கிடைத்த பிறகே பட்டம் உறுதிப்படுத்தப்படும் என்று விதியில் எழுதுவது. பழைய அச்சுப் பிரதிகளை 300 டிபிஐ அளவில் ஸ்கான் செய்தால், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் மறைந்த பின்னும் 70 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. அவர் மறைந்துவிட்டால் அனுமதிக்காக வாரிசுகளைத் தேடி அலைய வேண்டிவரும். மலையகம் பற்றி எழுதிய மூத்தவர்களிடம் ஒரு பக்க அனுமதிக் கடிதத்தை நூலகங்கள் இப்போதே கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
நூலகத்துறை வாசகர்,
ஹட்டன்.