மட்டைக்கு அடியில் பார்த்தது

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனிலேயே இதைப் பேசி முடித்திருக்கலாம். ஆனால் உனக்குத் தூக்கம், இங்கே மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் போட ஓடிவிட்டேன். எழுதினால் நீ எடுத்து வைத்து இரண்டு தரம் படிப்பாய் என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

பூச்சியையும் பூவையும் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறேன், 50,000 ரூபாய்க்கு மேல் ஆகும், தவணையில் கட்டிக்கொள்கிறேன் என்றாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உன் சம்பளம், உன் ஆசை. ஆனால் கோவையில் படிக்கும்போது கிராஸ்கட் ரோட்டில் நாலைந்து சின்ன லென்ஸ் வாங்கி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் மாட்டிப் பார்த்தாய். படம் சரியில்லை என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் பெங்களூர் போய்விட்டாய். பெரிய லென்ஸுக்குப் பணம் கட்டும் முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க அவற்றை வைத்துப் படம் எடுத்துப் பார். நான் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

போன சித்திரையில் தென்னந்தோப்பில் வெள்ளை ஈ மறுபடி ஏறியது. 2016-ல் இந்தியாவிலேயே முதன்முதலில் நம் பொள்ளாச்சிப் பக்கம் கண்டுபிடித்தார்களே, அதே சுருள் வெள்ளை ஈதான். கீழ் மட்டையெல்லாம் கரி பூசிய மாதிரி ஆகிவிட்டது. ஊடே வைத்த வாழையின் இலையும் கருப்பு. பூச்சி ஓலைக்கு அடியில் இருந்து சாற்றை உறிஞ்சி, தேன் போலப் பிசுபிசுப்பாகக் கழிக்கிறது. அது கீழே இருக்கிற இலை மேல் சொட்டி, அதில் கரும்பூசணம் பிடிக்கிறது. மருந்துக் கடையில் கேட்டதற்கு ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, உடனே அடியுங்கள் என்றார்கள். அப்பா மறுநாளைக்கு ஆள் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எதை அடிக்கிறோம் என்று பார்க்காமல் எப்படி அடிப்பது? ஓலையை ஒரு விரல் நீளம் கிள்ளி வந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். விபூதி தூவிய மாதிரி வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். அப்போதுதான் உன் டிராயர் நினைவுக்கு வந்தது. துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றில் கண்ணாடி வைத்திருந்ததை எடுத்து, போன் கேமரா மேல் கவ்வ வைத்தேன். வீட்டு ஆசாரம் முழுக்க ஒரே படத்தில் வந்தது, தூண்கள் வில் மாதிரி வளைந்து தெரிந்தன. ஓலை மட்டும் தெரியவே இல்லை. உனக்கும் இப்படித்தான் அலுத்துப்போயிருக்கும்.

கழற்றப் போகும்போது மேல் கண்ணாடி கையோடு திரும்பிக்கொண்டு வந்தது. அது ஒரே கண்ணாடி இல்லை கண்ணு, இரண்டு. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சேர்ந்தால் அகலக் கோணம். மேல் பாகத்தைத் திருகிக் கழற்றிவிட்டால் கீழே சட்டைப் பொத்தான் அளவு நிற்கிறதே, அதுதான் மேக்ரோ. நீ ஒரு நாளும் அதைக் கழற்றியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன், மரை அவ்வளவு புதுசாக இருந்தது.

அதை வைத்துக்கொண்டு ஓலையிடம் போனேன். ஒரு சாண் தூரத்தில் வெறும் பச்சை மூட்டம். நாலு விரல் தூரத்திலும் அதேதான். ஒரு விரல் அகலத்துக்கு நெருங்கியதும் சட்டென்று எல்லாம் தெளிந்தது. கோலப்பொடியால் சுழி போட்ட மாதிரி மெழுகுக் கோடு, அதன் நடுவே வரிசையாக மஞ்சள் முட்டைகள். பக்கத்தில் பஞ்சு நூல் பிரிந்த மாதிரி வெள்ளை இழைகளோடு தட்டையான கூடுகள். சில கூடுகள் வெளிர் நிறம், பல கூடுகள் நல்ல கருப்பு. அந்தக் கருப்புக் கூடு ஒன்றில் குண்டூசியால் குத்தின மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை.

கருப்பாக இருந்தால் உள்ளே ஈ இல்லை, என்கார்சியா என்கிற குளவி வளர்கிறது என்று அர்த்தம். அந்தக் குளவி கடுகை விடச் சின்னது. வெள்ளை ஈயின் கூட்டுக்குள் முட்டை வைக்கும், குளவிக் குஞ்சு உள்ளே இருந்தே ஈக்குஞ்சைத் தின்றுவிட்டு வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும். ஈ தானாகப் பிழைத்து வந்திருந்தால் கூடு இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி பிளந்திருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள், விஷ மருந்து அடித்தால் இந்தக் குளவிதான் முதலில் சாகும், அடிக்காதீர்கள் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். நாங்களும் கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்டது வேறு, பார்த்தது வேறு. அந்த விரல் நீள ஓலையில் 31 கூடு எண்ணினேன். 19 கருப்பு. படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஆளுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். மட்டைக்கு அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம், மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டினோம். மருந்து பாட்டில் இன்னமும் தோட்டத்துச் சாளையில் பிரிக்காமல் இருக்கிறது.

அன்றையிலிருந்து எனக்கு இந்தக் கண்ணாடித் துண்டுகள் மேல் தனி மரியாதை. டிராயரில் இருந்த மற்றதையும் எடுத்து, உன் பழைய கேமராவில் மாட்டி ஒவ்வொன்றாகப் பழகினேன். +1, +2, +4, +10 என்று ஒரு உறையில் நாலு வட்டக் கண்ணாடி இருக்கிறதல்லவா, அந்த எண் என்ன என்று பத்தாம் வகுப்பில் நானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். லென்ஸின் திறன், டையாப்டர். ஒரு மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் குவியத் தொலைவு. கேமராவின் போகஸை முடிவிலியில் வைத்தால் +2 போட்டபோது அரை மீட்டரில் தெளியும், +4 போட்டால் 25 சென்டிமீட்டர், +10 போட்டால் 10 சென்டிமீட்டர். கரும்பலகையில் 30 வருஷம் எழுதிய கணக்கு கையில் ஸ்கேலோடு நிஜமாக நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உன் 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை 18-ல் வைத்து மேக்ரோ எடுக்காதே, 55-க்கு இழு. +10 போட்டு 55-ல் வைத்தால் சுமார் 4 சென்டிமீட்டர் அகலப் பொருள் படம் முழுக்க நிற்கும். ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு அது போதும். எறும்புக்குப் போதாது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டலாம், பெரிய எண் கேமரா பக்கம் இருக்கட்டும். ஆனால் கண்ணாடி கூடக் கூடப் படம் மங்கும், மூன்றுக்கு மேல் போகாதே. வெளிச்சம் குறையாது என்பது இவற்றில் பெரிய சௌகரியம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுவில் நன்றாக இருக்கும், ஓரம் குழையும். வெள்ளைப் பூவின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கரை கட்டும். ஒரே கண்ணாடி என்பதால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு இடத்தில் குவிகிறது, நிறப்பிரிகை. எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சின்னதாக்கினால் ஓரம் பாதி சரியாகிவிடும், ஊதாக்கரை கொஞ்சம் நிற்கும். வேண்டியதைப் படத்தின் நடுவில் வைத்து எடு.

தெளிவாக விழும் பகுதி நூல் கனம்தான், அதுதான் நிஜமான கஷ்டம். போகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு படமும் வராது. வளையத்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, முழங்கையை முட்டியில் ஊன்றி, நீ முன்னும் பின்னும் துளித் துளியாக அசைய வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சை அடக்குவோமே, அப்படி. தெளிந்த நொடியில் அழுத்து. பத்துக்கு ஒன்று தேறும். ஓலை மாதிரி தட்டையானதை எடுக்கும்போது லென்ஸை அதற்கு நேராகப் பிடி, சாய்ந்தால் ஒரு கோடு மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் புகையாகப் போகும். பூச்சியானால் கண்ணில் தெளிவு விழ வேண்டும்.

இங்கே இன்னொரு எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கிற காற்று உனக்குத் தெரியும். ஓலை ஒரு மயிரிழை ஆடினால் படத்தில் அது ஒரு சாண். வெடியால ஆறரைக்குள் எடுத்தால் உண்டு. பொழுது ஏறிவிட்டால் அப்பாவின் பழைய வேட்டித் துண்டை வெயிலுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்வேன், நிழல் இதமாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு எவர்சில்வர் வட்டலைச் சாய்த்து வைத்தால் இருட்டு மூலைக்கும் வெளிச்சம் போகும். உன் மொட்டைமாடித் தொட்டிக்கு இந்த இரண்டே போதும்.

அகலக் கோணத்தைப் பற்றிக் கொஞ்சம். டிராயரில் கேமராவுக்கென்று தனியாக ஒரு அகலக் கோணக் கண்ணாடியும் இருந்தது. 0.45 மடங்கு என்று போட்டிருக்கிறதே, 18 மில்லிமீட்டரை அதால் பெருக்கினால் 8 சொச்சம் வருகிறது. அதாவது கண் அவ்வளவு விரியும். ஆனால் 18-லேயே வைத்தால் நாலு மூலையும் கருப்படிக்கும், 24 வரைக்கும் இழுத்தால் சரியாகிவிடும். மாமா வீட்டுக் கல்யாணத்தில் ஒறம்பரை எல்லாரையும் ஆசாரத்தில் நிற்கவைத்து இதில்தான் எடுத்தேன். சுவரை முட்டி நின்றும் பாதிப் பேர்தான் வந்த இடத்தில் முழு வரிசையும் வந்தது. ஆனால் ஓரத்தில் நின்ற அம்மிச்சியின் முகம் இழுபட்டுவிட்டது. அந்தப் படத்தை அவளுக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. பெரியவர்களை நடுவில் நிறுத்து, ஓரத்தில் கதவும் தூணும் இருக்கட்டும்.

வெள்ளகோவில் பக்கம் அப்பச்சியின் கொறங்காட்டில், அந்த மாடு மேய்கிற காட்டில், இது வேறு மாதிரி வேலை செய்தது. வெறுமனே நின்று எடுத்தால் காடு, வானம், தூரத்தில் மாடு எல்லாம் பொடிசாகிவிடுகிறது. கிளுவை வேலிப் பக்கம் குத்தவைத்து, செவலைப் பசு வாசம் பார்க்க வரும்வரை காத்திருந்தேன். அதன் மூக்கு ஒரு முழம் முன்னால், வேலி பின்னாலே ஓடி ஓடி வெள்வேல மரம் வரைக்கும் போகிறது. கொழுக்கட்டைப் புல்லின் கதிர் மூக்குக்குக் கீழே. அம்மிச்சி அந்தப் படத்தை பூஜை அறைக்கு வெளியே மாட்டச் சொல்லியிருக்கிறாள். முன்னால் ஒன்று நிற்காமல் அகலக் கோணம் எடுக்காதே. வெயிலுக்கு நேராகவும் திருப்பாதே, அந்தக் குமிழ்க் கண்ணாடியில் ஒளி சிதறிப் படம் வெளுத்துவிடும். இப்போது உன் புதுப் போனிலேயே அகலக் கேமரா தனியாக இருக்கிறது, அதற்கு இந்தக் கிளிப் தேவையில்லை. எப்போதாவது போனில் கிளிப் மேக்ரோ மாட்டினால் மட்டும் கவனம், அது முக்கியக் கேமரா மேல் உட்கார வேண்டும். நெருங்கியதும் போன் தானாக வேறு கேமராவுக்குத் தாவும், அதை அணைத்துவிட்டு எடு.

ஒரு தப்பு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள். +4 கண்ணாடியில் ஓலைப் பிசுபிசுப்பு ஒட்டி, அதன் மேல் மண் படிந்திருந்தது. அவசரத்தில் முந்தானையால் துடைத்தேன், மெல்லியதாக ஒரு கீறல் விழுந்துவிட்டது. முதலில் தூசியை ஊதி எடுத்துவிட்டுத்தான் துணி படவேண்டும். கீறல் படத்தில் தெரியவில்லை, ஆனால் எனக்கு உறுத்துகிறது.

ஒரு மழைக்காலம் எடுத்த பிறகும் ஓரம் தெளியவில்லை, இன்னும் பெரிதாக வேண்டும் என்று தோன்றினால், அப்போதும் நேராக 50,000-க்குப் போகாதே. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று ஒன்று இருக்கிறது, திறன் +8. மூன்று கண்ணாடி சேர்த்துச் செய்ததால் நிறக்கரை நன்றாகக் குறைந்துவிடுகிறது. கவ்விப் பிடிக்கிற மாதிரிதான், 52-லிருந்து 67 மில்லிமீட்டர் வரை எந்த லென்ஸிலும் மாட்டலாம். அதை 18-55-ல் போட்டால் பலன் கொஞ்சம்தான், 200 வரை இழுக்கிற ஜூம் லென்ஸில் போட்டால் எறும்பின் கண்ணையே எடுக்கலாம். அதற்கும் மேல் வேண்டும் என்றால் நீ கேட்ட லென்ஸையே வாங்கு, முதல் இரண்டு தவணை நான் கட்டுகிறேன்.

பார்சலில் உறையோடு நாலு வட்டக் கண்ணாடியும், 0.45-ம், சுற்றி வைத்த வேட்டித் துண்டும் இருக்கும். எல்லாம் 58 மில்லிமீட்டர் மரை. உன் இப்போதைய லென்ஸின் முன்விளிம்பில் வட்டக் குறிக்குப் பக்கத்தில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல். 55 என்றால் நடுவில் ஒரு வளையம் வாங்கவேண்டும், மலிவுதான். எள்ளுருண்டையும் ஒரு லிட்டர் எண்ணெயும் வைத்திருக்கிறேன், எண்ணெயைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், கண்ணாடியில் படாது.

கிளிப் லென்ஸை மட்டும் அனுப்பவில்லை, அது எனக்கு வேண்டும். பங்குனி வெயிலில் கிணற்று மேட்டு மரத்தில் மறுபடி வெள்ளை தெரிகிறது. நாளை வெடியால ஓலை கிள்ளிப் பார்க்கப் போகிறேன். எத்தனை கூடு கருத்திருக்கிறது என்று படத்தோடு எழுதுகிறேன். உன் தொட்டிச் செம்பருத்தி மொட்டு விட்டதும் +4 போட்டு மகரந்தத்தை எடுத்து அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அம்மா