பென்சிலால் எழுதிய பெயர்

அம்மாடி,

நேற்று நீ போனை வைத்ததும் அம்மா "என்ன சொன்னா, என்ன சொன்னா" என்று பின்னாலேயே வந்தாள். "சீனியருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். திங்கட்கிழமை வழக்கை இவளே நடத்த வேண்டுமாம்" என்றேன். அவள் நேரே சாமி அலமாரிப் பக்கம் போய்விட்டாள். எனக்கு உறுத்தியது வழக்கு இல்லை. போனை வைக்கும்போது நீ சொன்னாயே, "நான் சும்மா ஒப்புக்குச் சப்பாணிப்பா, வேற ஆள் இல்லைன்னு என்னைத் தள்ளிவிட்டிருக்காங்க" என்று. அதுதான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுத்து மறந்திருந்தால் வாய்விட்டுப் படி, வந்துவிடும்.

ராத்திரி தூக்கம் வராமல் அந்த நீல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஐந்தாம் வகுப்பில் அட்டையில் குதிரை வரைந்த அதே நோட்டு. டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கு ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்திலும் பந்து போட இறங்கியவர் யார் என்று வருடவாரியாக எழுதி வைத்திருக்கிறேனே, அது. 1995-இல் நான் லாஸ் ஏஞ்சலீஸ் வந்ததிலிருந்து உள்ளது நானே கேட்டும் பார்த்தும் எழுதியது. அதற்கு முந்தையது நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்தது. அம்மா இதை 'அப்பாவோட பஞ்சாங்கம்' என்பாள்.

நான் வந்த புதிதில் எனக்கு இந்த ஆட்டத்தில் தலையும் புரியாது, வாலும் புரியாது. காரில் ரேடியோவைப் போட்டால் வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் குரல் மட்டும் புரிந்த மாதிரி இருக்கும். கிரிக்கெட்டில் புதுப் பந்தை யாரிடம் கொடுக்கிறார்களோ அவர்தான் இந்த பிட்சர் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பாதிதான் சரி. அங்கே ஒரு ஓவர் முடிந்ததும் அடுத்த ஆள் வருவார். இங்கே இறங்கியவர் தோள் விழும்வரை அவர்தான். ஐந்து பிட்சர்கள் நாளுக்கு ஒருவராக முறை வைத்துப் போடுவார்கள். சீசனில் 162 ஆட்டம். அதில் முதல் நாள் இறங்குகிறவருக்குக் கூடுதலாக ஒரு வெற்றியும் எழுதிவிடுவதில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளுக்கு மாப்பிள்ளை மரியாதை. மார்ச் மாதப் பயிற்சி முகாமிலேயே மேனேஜர் பெயரை அறிவிப்பார், பேப்பரில் போடுவார்கள்.

அப்போதெல்லாம் ரமோன் மார்ட்டினெஸ். 1995-லிருந்து 98 வரை என் நோட்டில் வரிசையாக அவர் பெயர்தான். 1998-இல் செயின்ட் லூயிஸில் மார்க் மெக்வயர் அவர் பந்தில்தான் அந்த வருடத்து முதல் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலி தாண்டுவது) அடித்தார், அதுவும் மூன்று பேஸும் நிரம்பியிருந்தபோது. அந்த ஒன்று வருடக் கடைசியில் 70-இல் போய் நின்றது. ரமோனுக்கு ஒரு தம்பி, பெட்ரோ. அவரும் இதே அணியில் இருந்தவர்தான். உடம்பு மெலிசு, நின்று போடத் தாங்காது என்று 1993 கடைசியில் மான்ட்ரியலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மெலிசு உடம்பு வருடத்தின் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் விருதை மூன்று தடவை வாங்கி ஹால் ஆஃப் ஃபேம்வரை போனது. என் நோட்டில் அண்ணன் பெயர் இருக்கிறது, தம்பி பெயர் இல்லை. யார் பெரிய ஆள் என்று ஊருக்கே தெரியும்.

சேண்டி கூஃபாக்ஸைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். 1963, 65, 66 மூன்று வருடமும் சை யங் அவருக்கு. எல்லா ஓட்டும் அவருக்கே விழுந்தது. இந்த அணியில் அவரைவிட மேலான பிட்சர் என்று யாரையும் கை நீட்டிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கியது வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை. 1964, செயின்ட் லூயிஸுக்கு எதிராக, 4-0. அவ்வளவுதான். 1966-இல் அவரும் இன்னொரு பிட்சர் டான் டிரைஸ்டேலும் சேர்ந்து சம்பளத்துக்காக ஒரு மாதம் முகாமுக்கே வரமாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். அதனால் அந்த வருட முதல் ஆட்டம் கிளாட் ஆஸ்டீன் கைக்குப் போனது. நூலகத்தில் 1947-ஐத் தேடியபோது இன்னும் வேடிக்கை. கறுப்பர்களுக்கு மூடியிருந்த பெரிய லீகில் ஜாக்கி ராபின்சன் முதன்முதலாக இறங்கிய நாள், ஏப்ரல் 15, அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த நாள். அன்றைக்கு, அணி அப்போது இருந்த ப்ரூக்லினில், பந்து போடத் தொடங்கியவர் யார்? ஜோ ஹேட்டன். எத்தனை பேரைக் கேட்டிருப்பேன், ஒருத்தரும் சொன்னதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது ஃபெர்னாண்டோ வலென்சுவேலா கதை. உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ அப்போது காதில் வயரை மாட்டிக்கொண்டிருந்தாய்.

1981. முதல் ஆட்டத்துக்கு ஜெர்ரி ராய்ஸ் என்று முடிவு. முந்தைய வருடம் 18 ஆட்டம் ஜெயித்தவர். ஆட்டத்துக்கு முதல் நாள் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. (பார், உன் சீனியருக்கு முதுகு, இவருக்குக் கெண்டைக்கால்.) அடுத்தவர் பர்ட் ஹூட்டன். அவருக்குக் கால் விரலில் நகம் சதைக்குள் வளர்ந்து தகராறு. மற்றவர்களுக்கும் முறை ஒத்துவரவில்லை. மேனேஜர் டாமி லசோர்டா கடைசியில் இருபது வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து, நீதான் போடுகிறாய் என்றார். மெக்சிகோவில் சொனோரா பாலைவனத்துக் குக்கிராமம், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. இங்கிலீஷ் வராது. கொஞ்சம் தொப்பை. அதற்கு முன் பெரிய லீகில் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கியதில்லை. முந்தைய செப்டம்பரில் நடுவில் வந்து சில இன்னிங்ஸ் போட்டதோடு சரி. அணியின் சரித்திரத்தில் புதுமுகம் ஒருவர் சீசனைத் தொடங்கிவைத்தது அதுவே முதல் தடவை.

ஏப்ரல் 9. எதிரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். பந்தை விடுவதற்கு முன் இரண்டு கண்ணும் வானத்தைப் பார்க்கும், பிறகுதான் கை சுழலும். ஸ்க்ரூபால் என்று ஒரு பந்து, வழக்கமான வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிப் போவது. ஒன்பது இன்னிங்ஸும், அதாவது முழு ஆட்டமும், அவரே போட்டார். ஐந்து ஹிட், ஒரு ரன்னும் இல்லை. 2-0. அதோடு நிற்கவில்லை. முதல் எட்டு ஆட்டமும் ஜெயித்தார், அதில் ஐந்தில் எதிரணிக்குப் பூஜ்யம். அந்த வருடம் புதுமுக விருதும் சை யங் விருதும் ஒரே ஆளுக்கு. அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் அப்படி அமையவில்லை. அக்டோபரில் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் நியூயார்க் யாங்கீஸைத் தோற்கடித்துக் கோப்பை.

இதை எனக்குச் சொன்னவர் என்னோடு பட்டறையில் வேலை பார்த்த மெக்சிகோக்காரப் பெரியவர். மதியம் அவர் டோர்ட்டியாவில் பாதியும் என் எலுமிச்சை சாதத்தில் பாதியும் கைமாறும். டாட்ஜர் ஸ்டேடியம் இருக்கிற சாவேஸ் ரவீன் பள்ளத்தில் முன்னால் மெக்சிகோக் குடும்பங்கள் இருந்தன. ஏழைகளுக்குக் குடியிருப்பு கட்டுகிறோம் என்று 1950-களில் காலிபண்ணச் சொன்னார்கள். குடியிருப்பு வரவில்லை. கடைசியாக மிஞ்சியிருந்தவர்களை 1959-இல் தூக்கி வெளியே விட்டார்கள். 1962-இல் ஸ்டேடியம் வந்தது. பெரியவரின் அத்தை ஒருத்தி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாளாம். 1981-இல் ஒருநாள் அவளே, "அந்தப் பையன் போடுகிற நாளைக்கு டிக்கெட் எடு" என்றாளாம். இதைச் சொல்லும்போது மனிதர் டோர்ட்டியாவைக் கீழே வைத்துவிட்டார். ஃபெர்னாண்டோ 2024 அக்டோபரில் இறந்தபோது அவரைத்தான் நினைத்தேன். இறந்த மூன்றாம் நாள் அதே மைதானத்தில் அதே யாங்கீஸோடு வேர்ல்டு சீரிஸ் தொடங்கியது.

ராய்ஸுக்கு என்ன ஆச்சு என்று நீ கேட்பாய், நீ வக்கீல். கால் சரியாகி வந்து அந்த வருடம் நன்றாகவே போட்டார். 1982-இன் முதல் ஆட்டம் அவருக்கே கிடைத்தது. உன் சீனியரும் திரும்பி வருவார். அவர் நாற்காலியை நீ பறித்துக்கொண்டதாக யாரும் நினைக்கப்போவதில்லை.

அப்புறம் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா. அது நம் வீட்டுப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. 2010-இல் எல்லோரும் அவரை எதிர்பார்த்தபோது விசென்டே படியாவிடம் பந்தைக் கொடுத்தார்கள், பிட்ஸ்பர்க்கில் தோற்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து 2018 வரை எட்டு வருடம் தொடர்ந்து கெர்ஷாதான். 2014-இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம், இங்கே நடுராத்திரி. கிரிக்கெட் மைதானத்தில் பேஸ்பாலா என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சந்தோஷம்.

ஆனால் 2013 ஏப்ரல் 1 உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். திங்கட்கிழமை. பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிப் போனேன். (அம்மாவுக்கு இன்றுவரை அது தெரியாது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே.) முதல் பந்தைச் சடங்காகப் போட வந்தவர் கூஃபாக்ஸ், 77 வயது. பிறகு ஆட்டம். ஜயண்ட்ஸுக்கு ஒரு ரன்னும் இல்லை, நமக்கும் இல்லை. ஏழு இன்னிங்ஸ் அப்படியே. எட்டாவதில் நீ பூண்டு போட்ட ஃப்ரைஸ் வேண்டும் என்று வரிசையில் நிற்கப் போனாய். கெர்ஷாவே மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போதெல்லாம் பிட்சரும் மட்டை பிடிக்க வேண்டும், அது நம் ஊரில் பதினோராம் ஆள் ஆடுகிற மாதிரி, ஸ்கோர் ஷீட்டில் முன்கூட்டியே அவுட் போட்டுவிடலாம். முதல் பந்து. நடுவில் பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அவர் ஆடிய அத்தனை வருடத்திலும் அடித்த ஒரே ஹோம் ரன் அது. ஐம்பதாயிரம் பேர் எழுந்து நிற்கிறார்கள், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், பென்சில் முனை உடைந்துவிட்டது. நீ தட்டோடு வந்து "என்னப்பா ஆச்சு?" என்றாய். சொன்னேன். "ஏப்ரல் ஃபூல் பண்ணாதீங்க" என்றாய். அந்தப் பக்கத்தில் பூண்டு எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

இப்போது 2020 பக்கத்துக்கு வா. கொரோனாவால் சீசன் ஜூலை 23-இல் தொடங்கியது. ஸ்டேடியத்தில் ஆள் இல்லை, அட்டை முகங்கள். நான் காலையிலேயே பென்சிலால் 'கெர்ஷா' என்று எழுதிவிட்டேன். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் இருக்கும்போது செய்தி. முதுகு பிடித்துக்கொண்டதாம்! நேற்று நீ போனில் அதே வார்த்தையைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்ததை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். அழித்துவிட்டு 'டஸ்டின் மே' என்று எழுதினேன். 22 வயது, செம்பட்டை முடி, புதுமுகம். ஃபெர்னாண்டோவுக்குப் பிறகு 39 வருடம் கழித்து முதல் ஆட்டத்தில் இறங்கிய முதல் புதுமுகம். அழித்த இடத்தில் கெர்ஷாவின் கொக்கி இன்னும் லேசாகத் தெரிகிறது.

அவர் ஒன்றும் ஃபெர்னாண்டோ ஆகவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. ஏழு ஹிட் கொடுத்தார், ஆனால் ரன் ஒன்றே ஒன்றுதான். மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள், 8-1. அந்த வருடமும் கோப்பை நமக்கு. 1981-லும் 2020-லும் கடைசி நேரத்தில் ஆள் மாறி, புதுமுகம் இறங்கி, கோப்பை. ஜோசியம் மாதிரி இருக்கிறதே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கு வேற வேலை இல்லை" என்றாள். 2024-இல் சியோல் ஆட்டத்துக்கும் 2025-இல் டோக்கியோவில் யமமோட்டோ போட்ட ஆட்டத்துக்கும் விடிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். அப்போதும் வசவுதான், "மார்கழிக்குக்கூட எழுந்திருக்காத மனுஷன்" என்று.

ராத்திரி நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். வருடம், ஊர், எதிரணி, பெயர், முடிவு. ஐந்து கட்டம். எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்பதற்கு நான் கட்டமே போடவில்லை. போட வேண்டும் என்று இத்தனை வருடத்தில் தோன்றவும் இல்லை.

ஆறு மாதமாக அந்தக் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தது நீ. அந்தப் பையனின் அம்மா போன் செய்தால் எடுப்பது நீ. வக்கீல் வைக்கக் காசில்லாமல் உங்களிடம் வந்த பையன், சீனியர் யார் ஜூனியர் யார் என்றா பார்த்துக்கொண்டிருப்பான்? ஐந்தாவது இன்னிங்ஸில் மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்களைக் கேள். வெட்கப்படாதே.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் போட்டிருக்கிறாள், சனிக்கிழமை வந்துவிடும் என்றார்கள். நார்த்தங்காயைத் திங்கட்கிழமை காலையில் தொடாதே, தொண்டை கட்டும். சிகாகோவில் ஒன்பது மணி என்றால் இங்கே ஏழு. அம்மா அதற்குள் விளக்கேற்றிவிடுவாள். நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பேன். இடைவேளையில் கூப்பிட வேண்டாம், சாப்பிடு. சாயங்காலம் கூப்பிட்டால் போதும். அந்தக் கறுப்புக் கோட்டில் பித்தான் தொங்கிக்கொண்டிருந்ததே, தைத்தாயா?

அப்பா