சனிக்கிழமை சென்னைப் பயணம்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை சரியாக 9 மணிக்குச் சென்னைக் கோட்டை ரயில் நிலைய வாசலில் கூடுவோம். அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குள் போகிறோம். தலைமைச் செயலகம் இருக்கும் இடம் என்பதால் அடையாள அட்டை அவசியம்.

முதலில் 1680இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம். ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்தது இங்கேதான். பக்கத்திலேயே கோட்டை அருங்காட்சியகம். அங்கே ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் மின்சார ரயிலில் எழும்பூர். சாப்பிட்டுவிட்டு மதியம் முழுக்க அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்குத்தான். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை நின்று நிதானமாகப் பாருங்கள்: வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. அந்த இடுப்பு வளைவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

நிறைய நடக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.