நுரை தள்ளும் பிள்ளைக்குப் பால் புகட்டாதீர்கள்

பிரசவ வார்டுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். உணவுக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. மேல்பாதி பை போல மூடி நிற்கும், கீழ்ப்பாதி பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும் என்பது எனக்குத்தான் போன மாதம் தெரிந்தது.

என் தங்கைக்குப் பனிக்குட நீர் அதிகம் என்று ஸ்கேன் சீட்டிலேயே எழுதியிருந்தது. இந்த அடைப்புக்கு அதுவே ஓர் அறிகுறியாம். பிள்ளை பிறந்த அரை மணி நேரத்தில் வாயில் நுரை. துடைக்கத் துடைக்க நுரை. “தண்ணி குடிச்சிருக்கு, சரியாயிடும்” என்றார் சிஸ்டர். சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்த எங்கள் அத்தையை அவரே திட்டி விரட்டினார். அது சரிதான், அதற்கு நன்றி. அப்புறம் பாலாடையில் மூன்று முறை பால் புகட்டினார்கள். மூன்று முறையும் பிள்ளை புரையேறி நீலம் பாரித்தது. “உங்க பொண்ணுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியல” என்று என் அம்மாவிடம் சொன்னார்கள்.

மறுநாள் மாலை ஒரு பயிற்சி மருத்துவர் வாய்வழியாக ஃபீடிங் டியூப் விட்டுப் பார்த்தார். 10 சென்டிமீட்டர் போய் நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் சுருண்டு கிடந்தது. அவ்வளவுதான் சோதனை. அந்தக் குழாய் முந்தின நாளும் அதே வார்டு அலமாரியில்தான் இருந்தது.

பெரிய மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம். தலையை உயர்த்தி வைக்க வேண்டும், எச்சிலை விடாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மல்லாக்கப் படுத்திருந்த பிள்ளையின் வாயை வழியெல்லாம் என் வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு போனேன்.

“குழாயைத் தைத்துவிடலாம், நுரையீரலுக்குள் போன பாலை என்ன செய்வது?” என்று கேட்டார் அங்கிருந்த அறுவை மருத்துவர். ஒரே அறுவையில் இதைச் சரிசெய்ய முடியும் என்று அமெரிக்காவில் கேமரன் ஹைட் என்ற அறுவை மருத்துவர் 1941-லேயே காட்டிவிட்டாராம். நமக்கு இன்னும் நுரையைப் பார்த்தால் சந்தேகம் வரவில்லை.

குழந்தைகளைப் பரிசோதித்துக் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டப் பட்டியலில் பிறவிக் குறைகள் 9 இருக்கின்றன. உதட்டுப் பிளவு உண்டு, வளைபாதம் உண்டு, வெளியே தெரியாத இதயக் குறைகூட உண்டு. இது இல்லை. பால் கொடுத்தால் தானே தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். பனிக்குட நீர் அதிகமிருந்த தாயின் பிள்ளைக்கும், நுரை தள்ளும் எந்தப் பிள்ளைக்கும், முதல் பாலுக்கு முன் குழாய் விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அதன் கீழே “நுரை தள்ளினால் நிறுத்துங்கள், குழாய் விட்டுப் பாருங்கள்” என்று ஒரு வரி சேருங்கள்.

மருமகள் இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறாள். பெயர்கூட வைக்கவில்லை. யார்மீதும் புகார் கொடுக்க எங்களுக்கு இப்போது தெம்பில்லை. ஒரு சுற்றறிக்கை மட்டும் அனுப்புங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்