ஆச்சியின் 31 ஓடுகள்

ஆச்சிக்கும், எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

கூரை மூடியாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம் கூரை வேலைக்கார பாஸ் கடைசி வரிசையைக் கொளுவிவிட்டு இறங்கினார். இரவு மழை வந்தது. டோர்ச்சோடு மண்டபத்துக்குள் போய் நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். ஈரமில்லை. அதனால்தான் இந்த மடல் இன்றைக்கே. நாளைக்கென்று வைத்தால் அழகாக எழுதப் பார்த்துக் கெடுத்துவிடுவேன்.

நடந்ததை நான் நீட்டிச் சொல்லத் தேவையில்லை: காற்றிலும் மழையிலும் எங்கள் கூத்து மண்டபத்தின் கூரை பிய்ந்து, உள்ளே தண்ணீர் ஏறியது. வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அன்றிரவு முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள். ஆர்மோனியத்தையும் மத்தளங்களையும் தலையில் தூக்கிப்போன, கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமார், லொறிப் படங்கை அவிழ்த்துத் தந்த சாரதி, பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாளியோடு வந்த நானாமார், ஒத்திகைக்கு மடத்தைத் திறந்துவிட்ட கோயில்காரர், கூத்து உடுப்புகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காயவைத்த தாய்மார்: உங்கள் ஒவ்வொருவர் வாசலுக்கும் வருவேன். இங்கே ஒரே கும்பிடாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்களை உண்மையில் மடக்கியது பணமில்லை, ஓடு. அந்தக் கூரை பழைய மங்களூர் ஓடு. பின்பக்கம் திருப்பினால் ‘பாஸல் மிஷன்’ என்றும் 1865 என்றும் எழுத்துப் புடைத்திருக்கும். (1865 என்பது ஓடு சுட்ட ஆண்டல்ல, மிஷன்காரர் மங்களூரில் ஆலை தொடங்கிய ஆண்டு. பிள்ளைகள் இதை ஒவ்வொரு முறையும் பிழையாகச் சொல்வார்கள்.) ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் இறங்கிக் கொளுவினால்தான் தண்ணீர் வழுகி ஓடும். புது ஓட்டை இடையில் வைத்தால் ஒரு பக்கம் ஏறி நிற்கும். அந்த இடுக்கு போதும், கீழே எல்லாம் நனைய. புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் மூன்று நாள் அலைந்தோம். “மிஸ், இதெல்லாம் இப்ப எங்க?” என்று ஒருவர் தேத்தண்ணி வாங்கித் தந்து அனுப்பினார்.

நாலாம் நாள் ஒரு சின்னப் பெடியன் வந்து, ஆச்சி கூப்பிடுகிறா என்றான். ஒழுங்கையின் கடைசி வீடு. சிங்களத்திலும் ஆச்சிதான், தமிழிலும் ஆச்சிதான் என்பதால் அவவின் பெயரை இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. அது எனக்கு வெட்கம். விறாந்தையில் ஓடுகள் அடுக்கியிருந்தன, 31. தும்பால் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் இடையில் பழைய லங்காதீப பேப்பர். பக்கத்தில் அவவின் பூப்பாத்தி கரையில்லாமல் கிடந்தது. வரம்பாகக் குத்தி வைத்திருந்த ஓடுகளை எல்லாம் கிளறி எடுத்திருக்கிறா. நகக்கண்ணில் மண்.

“பள்ளியே உளு, துவே” என்றா. பள்ளியின் ஓடு, மகளே.

பிறகுதான் கதை வந்தது. எங்கள் மண்டபம் முன்பு பறங்கியரின், அதாவது ஐரோப்பியர் வழிவந்தவர்களின், தேவாலயம். ஞாயிறுகளில் தொப்பி போட்ட பறங்கி நோனாமார் அந்த வாசலில் இறங்குவதை அவ சிறுமியாக மதிலில் தொங்கிப் பார்த்திருக்கிறா. 1956-ல் ‘சிங்களம் மட்டும்’ மொழிச் சட்டம் வந்தபின் ஒவ்வொரு குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற, கடைசியில் ஓர்கன் வாசிப்பவரும் ஏழெட்டுப் பேரும்தான் மிச்சம். வழிபாடு நின்றது. ஒரு வியாபாரி ஸ்டோராக எடுத்துப் பின்னறைக்குத் தகரம் போட்டார். கழற்றிய ஓடுகளைத் தெருவில் எறிந்தபோது ஆச்சியின் கணவர் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் மாஸ்டர்மார் உள்ளே வந்தார்கள், நாடகத்தோடும் சலங்கையோடும்.

அன்றிரவு எனக்கு அந்தச் சொல்லே சுற்றிக்கொண்டிருந்தது. சிங்களத்தில் ‘பள்ளிய’ என்றால் தேவாலயம். எங்கள் தெரு நானாமாருக்குப் பள்ளி என்றால் தொழுகைக்குப் போகும் இடம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நாங்களோ ‘மண்டபம்’ என்று சொல்லிச் சொல்லி அந்த இடத்தின் பாதிக் கதையை மறைத்திருக்கிறோம். பீடம் இருந்த மேடையில்தான் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பாட்டுக்குக் கட்டிய உயரம் என்பதால் வசனம் எதிரொலித்துக் குழம்பும். சுவர் முழுக்கப் பழைய திரைச்சீலை தொங்கவிட்டு அதை அடக்கியிருந்தோம். இப்போது சீலை எல்லாம் போய், முந்தாநாள் ஒத்திகையில் ஒரு பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிட்டது மூன்று முறை கேட்டது.

கூரை திறந்து கிடந்த நாட்களில் லண்டனிலிருந்து மச்சாள் ஒரு படம் அனுப்பினா. ஓல்ட் ஸ்ட்ரீட் சென்ட் லூக்ஸ், 1733-ல் கட்டி முடித்த ஆலயம். 1959-ல் கூரையைக் கழற்றி, நாற்பது வருடத்துக்கு மேல் வானம் பார்த்தபடி நின்று, 2003-ல் இசைக்கூடமாகத் திறந்ததாம். ஆறுதலுக்குத்தான் அனுப்பினா, எனக்கு வயிறு கலங்கியது. எங்கள் மேட்டில் நிற்கும், ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் ஆலயத்தின் ஐந்தடித் தடிப்புச் சுவருக்கே 1856-ல் மின்னல் விழுந்து நடுக்கூரை போயிருக்கிறது. எங்கள் சுவர் ஒன்றரை அடி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று மட்டும் காரணமில்லை. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி முழுக்க அரசிலை அடைத்திருந்தது. துப்புரவாக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி, தேத்தண்ணி குடித்துக் கலைந்தோம். இனி ஐப்பசிக்கு முன் ஏணியில் முதலில் ஏறுவது நான்தான். எழுதிவிட்டேன், பார்த்தவர்கள் கேட்கலாம்.

காசு கொடுக்கப் போனேன், ஆச்சி கையைத் தட்டிவிட்டா. ஒரு ஓடு மட்டும் மிஞ்சினால் திருப்பித் தரச்சொன்னா, கறிவேப்பிலைக் கன்று சரிகிறதாம். ஒன்று மிஞ்சியது. இன்று காலை கொண்டுபோய்க் குத்தி வைத்தேன்.

பிறகு கைத்தாங்கலாக மண்டபத்துக்குக் கூட்டிவந்தோம். அவவின் முப்பது ஓடும் பக்கக் கதவுக்கு மேலே இருக்கின்றன. கையை நெற்றியில் வைத்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தா. மூன்றாவது வரிசை கோணல் என்றா.

பாஸிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறார்.