ஞாயிறு ஓட்டத்துக்கு முன் பாரம் பாருங்க

அண்ணாமார், தம்பிமார், ஞாயிறு காலை 6.30க்கு கல்லடிப் பக்கம் வாவிக்கரையில ரிமோட்டில ஓடுற மாதிரி போட் (சின்ன விளையாட்டு போட்) விடுறம். அதுக்கு முதல் பற்றரியையும் உள்ளே வைச்சு, அடியில ரெண்டு விரல் குடுத்துத் தூக்கிப் பாருங்க. ஒற்றை உடல் போட் பின்விளிம்பிலிருந்து நீளத்தில 30 சதவீதமளவில சமனா நிக்கோணும். 70 சென்டிமீற்றர் போட் எண்டா 21 சென்டிமீற்றர்.

பாரம் பின்னுக்கு இருந்தா மூக்கைத் தூக்கித் துள்ளும், காத்து அடிச்சாப் புரளும். முன்னுக்கு இருந்தா தண்ணிய உழும். போன கிழமை என்ட போட் துள்ளிக்கொண்டே போச்சு. பற்றரிய ஒரு சென்டிமீற்றர் முன்னுக்குத் தள்ளினன், அடங்கிட்டு. அந்த ஒரு சென்டிமீற்றர் அவ்வளவு வேலை செய்யும்!

புரொப்பெல்லர் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம் உடல் சரியும், அதால இடவலமும் பாருங்க. பற்றரிய இறுக்கிக் கட்டுங்க. வாவித் தண்ணி உப்பு, ஓடி முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவோணும்.